பக்கி வண்டியில் கரண்ட் கோளாறு: பாகத்தை மாற்றும் முன் வோல்ட் எங்கே தொலைகிறது என்று பாருங்கள்

அரியமான் கடற்கரையில் சவாரிக்கு விடும் இரண்டு சீட் பக்கி வண்டி. சீனாவில் செய்த ஜி.ஒய்.6 வகை 150 சி.சி. இன்ஜின், கியர் இல்லாத பெல்ட் டிரைவ், 12 வோல்ட் பேட்டரி. நீங்கள் எழுதியிருக்கும் தொந்தரவு மூன்று. காலையில் செல்ஃப் அடித்தால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பத்து, பதினொரு மணிக்கு மேல் அடித்தால், எதையும் சரிசெய்யாமலே ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. சவாரியின் நடுவில் சில நேரம் நின்றுபோய், கொஞ்சம் ஆறியதும் மறுபடி கிளம்புகிறது. புதிதாகப் பூட்டிய எல்.இ.டி. பாரைப் போட்டால் ஃபியூஸ் போகிறது. இதற்குள் பேட்டரி இரண்டு முறை மாறிவிட்டது, செல்ஃபுக்குக் கரண்ட் திறந்துவிடும் ரிலே ஒரு முறை. இப்போது சி.டி.ஐ. யூனிட்டை, அதாவது பிளக்கில் ஸ்பார்க் வரவைக்கும் சின்னப் பெட்டியை, மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு வேண்டாம் தம்பி. சி.டி.ஐ. போனால் காலையில் செல்ஃப் சுற்றாமல் இருக்காது. செல்ஃப் மோட்டார் நன்றாகச் சுற்றும், ஸ்பார்க்தான் வராது. உங்கள் முதல் தொந்தரவுக்கும் சி.டி.ஐ.க்கும் சம்பந்தமே இல்லை.

நீங்கள் போகிறபோக்கில் சொன்ன அந்த 'வெயில் ஏறினால் சரியாகிவிடுகிறது' என்பதுதான் எனக்கு முக்கியமான துப்பு. கடல் தண்ணீர் தெறித்துக் காய்ந்த இடத்தில் உப்பு தங்கிவிடும். காய்ந்த உப்பு பெரிதாக ஒன்றும் செய்யாது. ஆனால் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்துக்கு மேல் போனால் சாப்பாட்டு உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். நம் கரையில் விடிகாலை ஈரப்பதம் பெரும்பாலும் அதற்கு மேல்தான். ஆக, ராத்திரி ஷெட்டுக்குள் நின்ற வண்டிக்கும், ஒயர்கள் ஒன்றோடொன்று சேரும் கப்ளர்களுக்குள் உப்புத் தண்ணீர் ஊறியிருக்கும். வெயில் வந்ததும் உலரும். கோளாறு பாகத்தில் இருந்தால் இப்படி மணி பார்த்து வந்து போகாது. இணைப்புகளில் இருக்கிறது என்று அர்த்தம்.

இந்தக் கரையில் உப்புக்காற்றைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. பாம்பனில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் கொடுத்தது இதே காற்றுக்குப் பயந்துதான். உங்கள் பக்கியின் ஒயரிங்கோ ஈயம் பூசாத வெறும் செம்பு. ஒயரின் முனை வழியாக உப்புத் தண்ணீர் உறைக்குள் ஏறி, வெளியே பார்த்தால் புத்தம் புதிதாகவும் உள்ளே கறுத்துப்போயும் இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு கணக்கு மட்டும் புரிந்தால் போதும். செல்ஃப் மோட்டார் 50 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் ஒரு துருப்பிடித்த போல்ட் இருக்கிறது. அதன் தடை 0.05 ஓம். மல்டிமீட்டரை ஓமில் வைத்துப் பார்த்தால் அது பூச்சியம் மாதிரிதான் தெரியும், ஏனென்றால் மீட்டரின் சொந்த ஒயர் தடையே அதைவிட அதிகம். ஆனால் 50 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரு போல்ட்டில் 2.5 வோல்ட் தொலைந்துவிடும். 125 வாட் அங்கே சூடாகப் போகிறது. இரண்டு மூன்று முறை செல்ஃப் அடித்துவிட்டுத் தொட்டால் கை சுடும். இப்படி இரண்டு மூன்று இடம் சேர்ந்துவிட்டால், மிச்சமிருக்கும் வோல்ட்டில் ரிலே 'டிக்' என்று சொல்லும், மோட்டார் அசையாது.

அதனால்தான் சும்மா இருக்கும் ஒயரில் மீட்டர் வைத்து '12 வோல்ட் வருகிறதே' என்று சொல்வதில் பலன் இல்லை. பத்து இழையில் ஒன்பது அறுந்து ஒன்றே ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தாலும் டிஜிட்டல் மீட்டர் 12 காட்டும். லோடு ஓடும்போது அளக்க வேண்டும். மீட்டரோடு ஒரு டெஸ்ட் லாம்ப்பும் வேண்டும். கடையில் வாங்கத் தேவையில்லை. 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றில் இரண்டு ஒயரைச் சால்டர் செய்து நுனியில் கிளிப் மாட்டினால் ஆயிற்று. எல்.இ.டி. டெஸ்டர் வேண்டாம், அது துளிக் கரண்டிலேயே எரிந்து ஏமாற்றும்.

முதலில் செல்ஃப். பின் சக்கரம் இரண்டும் தரையில் படாதபடி வண்டியைத் தூக்கி முட்டுக் கொடுங்கள், இது கட்டாயம். இந்த வகை வண்டிகளில் பெரும்பாலும் பிரேக் மிதித்தால்தான் செல்ஃப் பட்டனுக்குக் கரண்ட் போகும். ஆகவே சாவியைப் போட்டு, பிரேக்கை மிதித்து, பின்னால் பிரேக் லைட் எரிகிறதா பாருங்கள். எரிந்தால் பேட்டரி, மெயின் ஃபியூஸ், சாவி சுவிட்ச், பிரேக் சுவிட்ச் நான்கு வழியாகவும் கரண்ட் வருகிறது என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். எரியவில்லை, 'டிக்' சத்தமும் இல்லை என்றால் பிரேக் பெடல் அடியிலுள்ள சுவிட்சை முதலில் சந்தேகப்படுங்கள். மணலும் உப்பும் சேரும் முதல் இடம் அதுதான்.

உங்களுக்கு 'டிக்' வருகிறது. அப்படியானால் பேட்டரியின் பிளஸ், மைனஸ் இரண்டு கம்பத்திலும் (டெர்மினல்) மீட்டரை வையுங்கள். கிளாம்பில் அல்ல, பேட்டரியின் ஈயக் கம்பத்திலேயே. நன்றாக சார்ஜ் ஆகி சில மணி நேரம் சும்மா இருந்த பேட்டரி 12.6-லிருந்து 12.8 வரை காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. இப்போது ஒருவரைச் செல்ஃப் பட்டனை அழுத்தச் சொல்லி மீட்டரையே பாருங்கள். 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம், அல்லது மோட்டார் மணலில் இறுகி அதிகமாக இழுக்கிறது. ஆனால் 'டிக்' சத்தம் கேட்கும்போதும் மீட்டர் 12-ஐ விட்டு இறங்கவில்லையென்றால், பேட்டரியில் குறை இல்லை. கரண்ட் வெளியேறவே முடியவில்லை. உங்கள் விஷயத்தில் இதுதான் நடக்கும் என்று நினைக்கிறேன்.

அப்புறம் தொலைகிற இடத்தைத் தேடுங்கள். மீட்டர் டி.சி. 20 வோல்ட்டில் இருக்கட்டும். ஒரு முனை பேட்டரி பிளஸ் கம்பத்தில், மறுமுனை செல்ஃப் மோட்டாரின் போல்ட்டில். பட்டனை அழுத்தும்போது 0.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் வழியிலுள்ள ஒவ்வொரு இணைப்பாக முனையை நகர்த்துங்கள்: கம்பத்துக்கும் கிளாம்புக்கும் இடையில், ரிலேயின் இரண்டு போல்ட்டுக்கும் இடையில், இப்படி. எங்கே எண் குதிக்கிறதோ அங்கே ஸ்பானரை எடுங்கள்.

பிளஸ் பக்கம் சரியாக இருந்தால் எர்த் பக்கம், அதாவது கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழி. நான் பந்தயம் கட்டுவதாக இருந்தால் இதில்தான் கட்டுவேன். பேட்டரி மைனஸ் கம்பத்துக்கும் இன்ஜினின் வெறும் அலுமினிய உடம்புக்கும் இடையில் வைத்து செல்ஃப் அடியுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. ஜீப்புக்குக் கொடுக்கும் ஜம்பர் கேபிள் இருந்தால் இன்னும் சுலபம்: மைனஸ் கம்பத்திலிருந்து இன்ஜின் உடம்புக்கு நேராக மாட்டிவிட்டுச் செல்ஃப் அடியுங்கள். சுற்றினால் விஷயம் முடிந்தது. மாட்டும்போது கார்புரேட்டரிலிருந்து தள்ளி மாட்டுங்கள், பொறி பறக்கும்.

பக்கியில் எர்த் ஏன் இப்படிப் போகிறது என்றால், இன்ஜின் ரப்பர் புஷ் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் கரண்ட் போகாது. பேட்டரி மைனஸ் ஃப்ரேமில் ஒரு போல்ட், ஃப்ரேமிலிருந்து இன்ஜினுக்கு ஒரு பட்டை. ஃப்ரேம் குழாய்க்கு அடித்த பெயின்ட் மேலேயே போல்ட்டை முடுக்கியிருப்பார்கள். மரையில் ஒட்டிய கொஞ்சம் இரும்புதான் இணைப்பு. அது துருவேறினால் கரண்ட் வேறு வழி தேடும், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகக்கூடப் போகும். செல்ஃப் அடித்த பிறகு ஆக்சிலரேட்டர் கேபிள் சூடாக இருந்தாலோ, அதன் உறை இளகியிருந்தாலோ வேறு சோதனையே வேண்டாம். பேட்டரி மைனஸிலிருந்து இன்ஜின் உடம்புக்கே தடித்த ஒயர் ஒன்றை நேராக இழுத்துவிடுங்கள். ஃப்ரேமை நம்பாதீர்கள். 2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வருவதற்கு முன் தனுஷ்கோடி மணலில் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடிய வேன்களை வைத்திருந்தவர்களிடம் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வார்கள்.

பேட்டரி இரண்டு முறை செத்ததற்கும் இதே எர்த் காரணமாக இருக்கலாம். இன்ஜினை ஓடவிட்டு, கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்து, பேட்டரி கம்பங்களில் அளந்து பாருங்கள். 13.5-லிருந்து 14.5-க்குள் இருக்க வேண்டும். 12.5-லேயே நின்றால் சார்ஜ் ஆகவில்லை. 15-ஐத் தாண்டினால் பேட்டரி வெந்துகொண்டிருக்கிறது. இரண்டுக்கும் உடனே கட்-அவுட்டை, அதாவது சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் ரெக்டிஃபையரை மாற்றிவிடுவார்கள். அதற்கு முன் இன்ஜின் ஓடும்போதே ரெக்டிஃபையரின் எர்த் ஒயருக்கும், உடம்பிலேயே எர்த் எடுக்கும் வகை என்றால் அதன் உடம்புக்கும், பேட்டரி மைனஸுக்கும் இடையில் எவ்வளவு என்று பாருங்கள். 0.2-க்கு மேல் இருந்தால் அதன் எர்த்தைச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி அளந்து பார்க்கலாம். அப்புறமும் சார்ஜ் இல்லையென்றால், இன்ஜினுக்குள் கரண்ட் உண்டாக்கும் சுருளான ஸ்டேட்டரின் கப்ளரைக் கழற்றுங்கள். மூன்று மஞ்சள் ஒயர் வரும் வகை என்றால், இன்ஜின் ஓடும்போது எந்த இரண்டை எடுத்தாலும் ஏ.சி. வோல்ட் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்க வேண்டும். இன்ஜின் நின்றிருக்கும்போது மூன்றில் எதுவும் இன்ஜின் உடம்போடு தொடர்பு காட்டக் கூடாது.

இன்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி 'தானாக ஓடுகிறதா' என்று பார்க்கும் பழைய வித்தை ஒன்று உண்டு. தயவுசெய்து யாரையும் அதைச் செய்ய விடாதீர்கள். பேட்டரி இல்லாதபோது வோல்ட் கட்டுக்கடங்காமல் ஏறி, நல்லாயிருக்கும் பாகங்களையும் எரித்துவிடும்.

இப்போது நடுவழியில் நிற்கும் தொந்தரவு. இதில் முதல் சந்தேகம் கரண்ட்டே இல்லை. அடுத்த முறை நின்றதும் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போய், உடனே ஸ்டார்ட் ஆனால் மூடியிலுள்ள காற்று ஓட்டையை மணல் அடைத்திருக்கிறது. ஆடிக்காற்றில் மணல் பறக்கும் கரையில் இது சகஜம். கொஞ்ச நேரம் நின்றதும் 'தானாகச் சரியாவது' டேங்க்குக்குள் காற்று மெதுவாகப் புகுவதால்தான்.

அது இல்லையென்றால், நின்ற அந்த நிமிடமே ஸ்பார்க் பாருங்கள். பிளக்கைக் கழற்றி, தொப்பியோடு மாட்டி, அதன் மரையை இன்ஜின் உடம்பில் நன்றாக அழுத்தி வைத்துச் செல்ஃப் அடியுங்கள். பிளக் ஓட்டையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும், பிளக்கைத் தள்ளிப் பிடியுங்கள். ஸ்பார்க் இருந்தால் பெட்ரோல் பக்கம் போங்கள். இல்லையென்றால், இன்ஜினை அணைக்கும் கில் சுவிட்ச்.

கில் சுவிட்ச் விஷயம் பலருக்குப் புரிவதில்லை. ஸ்டேட்டரிலிருந்தே கரண்ட் எடுக்கும் ஏ.சி. வகை சி.டி.ஐ.யில், இன்ஜினை நிறுத்துவது கரண்டை வெட்டி அல்ல. ஒரு ஒயரை எர்த்தில் சேர்த்து. அந்த ஒயர் பல வண்டிகளில் கறுப்பில் வெள்ளைக் கோடு போட்டதாக இருக்கும். ஆகவே கில் சுவிட்சுக்குள்ளோ சாவி சுவிட்சுக்குள்ளோ உப்புத் தண்ணீர் புகுந்தால், அந்த ஈரமே எர்த் கொடுத்து இன்ஜினை அணைத்துவிடும். ஒவ்வொரு முறை அலைநீர் தெறித்த பிறகுதான் நிற்கிறது என்றால் இதுவேதான். சோதிக்க, வண்டி முட்டில் நிற்கும்போது, சி.டி.ஐ. அருகே அந்த ஒயரை மட்டும் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். நிற்காமல் ஓடினால் குற்றவாளி சுவிட்ச் பக்கம். ஆனால் கழற்றியிருக்கும்போது சாவியைத் திருப்பினாலும் இன்ஜின் நிற்காது, ஒயரைத் திரும்ப மாட்டினால்தான் நிற்கும். சோதனைக்கு மட்டும்தான் இது. அப்படியே விட்டு ஆளை ஏற்றி ஓட்டுவது கொலைக்குச் சமம். சாவி போட்டால் சி.டி.ஐ.க்கு 12 வோல்ட் வரும் டி.சி. வகை என்றால் கதை நேர் எதிர், அங்கே வோல்ட் குறைந்தால் ஸ்பார்க் போகும். அந்த 12 வோல்ட் வருகிறதா என்று டெஸ்ட் லாம்ப்பால் பார்க்க வேண்டும்.

சுவிட்சும் சரி என்றால், எப்போது ஸ்பார்க் விட வேண்டும் என்று சி.டி.ஐ.க்குச் சொல்லும் பிக்-அப் காயில். சூட்டில் உள்ளே இழை விட்டுப்போய், ஆறியதும் சேர்ந்துகொள்ளும். குளிர்ந்திருக்கும்போது ஓம் அளந்து எழுதி வையுங்கள், ஜி.ஒய்.6-ல் பொதுவாக 100-க்கும் 200-க்கும் இடையில் இருக்கும். நின்ற உடனே, சூடாக இருக்கும்போதே மறுபடி அளக்க வேண்டும். கொஞ்சம் ஏறுவது இயல்பு. மீட்டர் ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் போய்விட்டது. ஆறவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து அளந்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். இத்தனையும் தாண்டிய பிறகு, கடைசியில்தான் சி.டி.ஐ.; அதையும் அதே மாதிரி வண்டியிலிருந்து கடன் வாங்கி மாட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

எல்.இ.டி. பாரைப் பற்றி ஒரு வார்த்தை. 120 வாட் பார் என்றால் 10 ஆம்பியர். இந்த இன்ஜின்களின் ஸ்டேட்டர் கொடுப்பதே மொத்தம் நூறு வாட்டுக்கு முன்பின்தான். எரிகிற நேரமெல்லாம் பேட்டரியைத் தின்றுகொண்டிருக்கும். ஃபியூஸ் பெரிதாகப் போட்டு இதைத் தீர்க்க முடியாது, ஒயர்தான் எரியும். தவிர, ஜனவரியிலிருந்து சில மாதம் நம் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறுகின்றன. வனத்துறை அந்த முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைக்கிறது. ராத்திரியில் கடற்கரையில் அந்த வெளிச்சத்துக்கு வேலையே இல்லை. கழற்றிவிடுவதே நல்லது என்பது என் அபிப்பிராயம்.

கழற்றிய பிறகும் ஃபியூஸ் போனால் எங்கோ ஒயர் ஃப்ரேமில் உரசுகிறது. ஃபியூஸ் ஒவ்வொன்றாகப் போட்டு எரிக்காதீர்கள். ஃபியூஸைக் கழற்றி, அந்த இரண்டு முனையிலும் நம் 21 வாட் டெஸ்ட் லாம்ப்பை மாட்டுங்கள். லைட் முதலான எல்லாவற்றின் கப்ளரையும் பிரித்துவிட்டுச் சாவியைப் போடுங்கள். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் ஷார்ட் இருக்கிறது. பல்பே கரண்டைக் கட்டுப்படுத்திக்கொள்ளும், எதுவும் எரியாது. இப்போது ஒயர்க்கட்டை ஒவ்வொரு இடமாக அசைத்துக்கொண்டே வாருங்கள்: ஸ்டியரிங் தண்டின் பின்னால், பின் ஸ்விங் ஆர்ம் மடங்கும் இடம், சைலன்சர் பக்கம், குழாயில் டேக் இறுக்கிக் கட்டிய இடங்கள். பல்பு மினுங்கும் இடத்தில் டேப்பைப் பிரித்தால் செம்பு தெரியும்.

கண்டுபிடித்ததைச் சரிசெய்வதில்தான் நிறையப் பேர் சோம்பல் படுகிறார்கள். கறுத்த ஒயரைச் சுரண்டி முறுக்கி டேப் சுற்றினால் அடுத்த மாதம் திரும்ப வரும். பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போங்கள். ஒரு சாண் போனாலும் பரவாயில்லை, புது ஒயர் சேருங்கள். படகு ஒயரிங்குக்கு வைக்கும் ஈயம் பூசிய செம்பு ஒயர் கிடைத்தால் அதுவே வாங்குங்கள். ஒயர் நுனியில் மாட்டும் லக்கை நல்ல பிளையரால் நசுக்கிப் பிடித்து, உள்ளே பசையுள்ள ஹீட் ஸ்லீவ் போட வேண்டும். ஆடும் இடத்தில் சால்டர் மட்டும் வைத்தால் ஈயம் ஏறிய ஒயர் விறைத்து, அந்த விளிம்பிலேயே முறியும். எர்த் போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்ட்டை உப்புத்தாளால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, முடுக்கிய பிறகு மேலே வாஸ்லின் பூசிவிடுங்கள். கப்ளர்களுக்கு டைஎலக்ட்ரிக் கிரீஸ். வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் பசையை மட்டும் கப்ளருக்குள் ஊற்றிவிடாதீர்கள். அந்த வாடை அசிட்டிக் அமிலம், செம்பை அரித்துவிடும்.

சவாரி முடிந்ததும் கழுவுவது நல்ல பழக்கம்தான், எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள் என்று பாருங்கள். கரையோரத்தில் பல இடங்களில் போர் தண்ணீரே உப்பு. அதில் கழுவினால் உப்புக்கு மேல் உப்பு. ஒயரிங் இருக்கும் பக்கத்துக்காவது இரண்டு குடம் காவிரித் தண்ணீர் எடுத்து வையுங்கள். வாட்டர் சர்வீஸ் கன்னால் கப்ளர் பக்கம் அடிக்க வேண்டாம், தண்ணீரை உள்ளே தள்ளிவிடும். வண்டி முழுசாக அலையில் மாட்டிவிட்டால் சாவியை அணைத்து, முதலில் பேட்டரி மைனஸைக் கழற்றி, நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்த பிறகே திரும்ப மாட்டுங்கள்.

நாளைக் காலை, வெயில் ஏறுவதற்கு முன், 'டிக்' சத்தம் வரும்போதே மூன்று எண்களை எடுங்கள்: செல்ஃப் அழுத்தும்போது பேட்டரி கம்பங்களில் எவ்வளவு, பிளஸிலிருந்து மோட்டார் போல்ட் வரை எவ்வளவு, மைனஸிலிருந்து இன்ஜின் உடம்பு வரை எவ்வளவு. மதியம் எடுத்தால் பிரயோஜனம் இல்லை. அதோடு சி.டி.ஐ.க்குப் போகும் ஒயர்களின் நிறத்தையும் எழுதி அனுப்பினால் அது ஏ.சி. வகையா டி.சி. வகையா என்று பார்த்துச் சொல்கிறேன்.